ஒரே சிப், இரண்டு பெட்டி: கம்ப்யூட்டரா கன்சோலா சண்டையின் பூர்வீகம்

கேம் விளையாட கம்ப்யூட்டர் வாங்குவதா, கன்சோல் வாங்குவதா என்ற சண்டைக்குச் சாவே கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு விலை ஏறினால் ஒரு கட்சி கொஞ்ச நாள் அடங்கும். புது பிளேஸ்டேஷன் விலை ஏறினால் அடுத்த கட்சி அடங்கும். பேச்சு முழுக்க வன்பொருளைப் பற்றியே இருக்கும்: எந்தச் சிப் வேகம், எத்தனை ஃபிரேம், கொடுத்த காசுக்கு எது அதிகம் தருகிறது.

இந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று தேடி, சில மாதங்களாக 1970களின் கடைசி, 80களின் தொடக்க அமெரிக்காவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று வேடிக்கையாக இருந்தது. சண்டை தொடங்கிய நாளில் இரண்டு பெட்டிக்குள்ளேயும் இருந்தது ஏறக்குறைய ஒரே சிப். அப்படியானால் எதற்காக அடித்துக்கொண்டார்கள்? அந்தப் பெட்டிக்கு யார் கேம் எழுதி விற்கலாம், பெட்டி செய்தவனுக்குக் காசு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற இரண்டு கேள்விக்காக. என் குறிப்புகளை அந்த வரிசையிலேயே தருகிறேன்.

கதை 1975 செப்டம்பரில், சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. வெஸ்கான் என்ற மின்னணுக் கண்காட்சி. மோட்டரோலாவிலிருந்து வெளியேறிய சக் பெடில் என்ற பொறியாளரும் அவர் கூட்டாளிகளும் மாஸ் டெக்னாலஜி என்ற கம்பெனியில் 6502 என்று ஒரு சிப் செய்திருந்தார்கள். விலை 25 டாலர். அப்போது மோட்டரோலாவின் 6800 சிப்பை ஒன்றே ஒன்று வாங்கப் போனால் சுமார் 175 டாலர். கண்காட்சி அரங்கில் பொருளை நேரடியாக விற்க அனுமதி இல்லை. அதனால் பக்கத்து ஹோட்டலில் ஓர் அறை எடுத்து, பெரிய கண்ணாடி ஜாடியில் சிப்புகளை நிரப்பி வைத்து விற்றார்கள். நம்மூர் கடையில் மிட்டாய் ஜாடி வைப்பது போல. ஜாடியின் அடியில் கிடந்தவை வேலை செய்யாத சிப்புகள், ஜாடி நிறைந்து தெரிவதற்காகப் போட்டது என்று ஒரு கதை உண்டு. அங்கே போய் வாங்கியவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அந்தச் சிப்பை வைத்துத்தான் ஆப்பிள் கம்ப்யூட்டரைச் செய்தார்.

அதே குடும்பத்துச் சிப் அடுத்த பத்து வருஷத்தில் எங்கெல்லாம் போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். 1977ல் ஆப்பிள் 2. அதே வருஷம் அட்டாரியின் வீடியோ கேம் பெட்டி, பிறகு 2600 என்று பெயர் வாங்கியது. அதில் 6507, அதாவது சில கால்களை வெட்டிச் சிக்கனப்படுத்திய 6502. அட்டாரியின் சொந்தக் கம்ப்யூட்டர்களான 400, 800. கொமடோரின் விக்-20. கொமடோர் 64ல் அதன் தம்பி 6510. 1983ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமில் ரிகோ கம்பெனி செய்துகொடுத்த சிப், உள்ளே இருந்ததும் தசமக் கணக்கு வசதி நிறுத்தப்பட்ட 6502தான். கம்ப்யூட்டர், கன்சோல் என்று பிரித்துப் பார்த்தால் மூளை எல்லாவற்றுக்கும் ஒன்று. படம் வரையும் சிப், நினைவகம் எல்லாம் வேறுதான், மறுக்கவில்லை. அட்டாரி 2600ல் மொத்த நினைவகமே 128 பைட். இருந்தாலும் "கன்சோலுக்கென்று தனி ஜாதி வன்பொருள்" என்பது அப்போது கிடையாது. 1982ல் அட்டாரி வெளியிட்ட 5200 கன்சோல், அவர்களுடைய 400 கம்ப்யூட்டரின் விசைப்பலகையைக் கழற்றிவிட்டு வேறு உறை போட்டதுதான். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே சாமான். ஆனாலும் ஒன்றின் கேட்ரிட்ஜ் இன்னொன்றில் நுழையாது!

இப்போது ஜாக் டிராமியல். இந்தக் கதையின் நாயகனும் வில்லனும் ஒரே ஆள் என்றால் அது இவர்தான். போலந்தின் லோட்ஸ் நகரத்தில் 1928ல் பிறந்த யூதர். சிறுவனாக ஆஷ்விட்ஸ் முகாமைப் பார்த்துப் பிழைத்தவர். 1947ல் அமெரிக்கா வந்து, ராணுவத்தில் இருந்து, டைப்ரைட்டர் ரிப்பேர் செய்து, பிறகு கால்குலேட்டர் வியாபாரத்துக்கு வந்தார். கம்பெனி பெயர் கொமடோர். கால்குலேட்டருக்கான சிப்பை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் வாங்கிக்கொண்டிருந்தார். 70களின் நடுவில் டெக்சாஸ்காரர்கள் தாங்களே கால்குலேட்டர் செய்து, கொமடோருக்கு ஆகும் அடக்க விலையைவிடக் குறைவாகக் கடையில் விற்க ஆரம்பித்தார்கள். கொமடோர் கிட்டத்தட்ட மூழ்கியது. டிராமியல் கற்ற பாடம் ஒன்று: சிப் எவன் கையில் இருக்கிறதோ, விலை அவன் கையில். 1976ல் மாஸ் டெக்னாலஜியையே விலைக்கு வாங்கிவிட்டார். வியாபாரம் என்பது யுத்தம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் சொன்னால் அது வெறும் மேடைப் பேச்சு இல்லை என்று தோன்றுகிறது.

இந்தப் பக்கம் அட்டாரி. 2600 பெட்டியில் அவர்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. லாபம் கேட்ரிட்ஜில். ஷேவிங் ரேசரைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதிப்பது போல. ஆனால் பிளேடை வேறு எவனும் செய்ய முடியாது என்றால்தானே அந்தக் கணக்கு நிற்கும்? அட்டாரி பெட்டியில் பூட்டே இல்லை. வேண்டாமென்று திறந்து வைக்கவில்லை. இன்னொருவன் வந்து கேட்ரிட்ஜ் செய்வான் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். தங்கள் பெயரும் போடாமல் பங்கும் தராமல் வேலை வாங்குகிறார்கள் என்று கசந்துபோன நான்கு புரோகிராமர்கள் (டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கப்லான்) வெளியே போய் 1979ல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். அட்டாரி பெட்டிக்கு வெளியாள் கேம் செய்யும் முதல் கம்பெனி. அட்டாரி வழக்குப் போட்டது. 1982ல் சமரசம். ஆக்டிவிஷன் ராயல்டி கொடுக்கும், கேம் செய்வதைத் தடுக்க முடியாது.

கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் உள்ளே வந்தார்கள். எல்லாரும் என்றால் உண்மையாகவே எல்லாரும். ஓட்ஸ் கஞ்சி விற்கும் குவேக்கர் ஓட்ஸ் ஒரு கேம் பிரிவு வைத்திருந்தது. நாய்த் தீவனம் விற்ற பியூரினா, பாக்கெட் அட்டையை வெட்டி அனுப்பினால் ஒரு கேட்ரிட்ஜ் என்று கொடுத்தது. அதில் நாய், தீவன வண்டியைத் துரத்தும். இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் ஆக்டிவிஷன் வந்த அதே கதவு வழியாகத்தான் நாய்த் தீவனமும் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தக் காலத்து 2600 கேம்களில் இன்றும் பேசப்படும் பிட்ஃபால் ஆக்டிவிஷனுடையது, டேவிட் கிரேன் எழுதியது.

கொமடோர் இந்தச் சந்தைக்குள் கம்ப்யூட்டரோடு நுழைந்த விதம் சுவாரசியமானது. அமெரிக்காவில் விக்-20 வந்தது 1981ல், விலை 300 டாலருக்கு ஐந்து சென்ட் குறைவு. விளம்பரத்தில் வந்து நின்றவர் ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர். வெறும் வீடியோ கேம் மட்டும் எதற்கு வாங்குகிறீர்கள், கம்ப்யூட்டரே வாங்கலாமே என்பது அவர் கேட்ட கேள்வி. கல்லூரிக்கு ரயிலேறிப் போன பையன் தோற்றுத் திரும்பி வருவது போல இன்னொரு விளம்பரம்; வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கித் தராததுதான் காரணம் என்று அர்த்தம். குறி பையன் மேல் இல்லை. பர்ஸ் வைத்திருக்கும் அப்பா அம்மாவின் குற்ற உணர்ச்சி மேல். இந்த வித்தை நமக்கு நன்றாகத் தெரியும் இல்லையா? "படிப்புக்குத்தான்" என்று சொல்லி வீட்டுக்கு வந்த சாமான்கள் எத்தனை!

கன்சோல்காரர்கள் பயந்துபோய், எங்கள் பெட்டியும் ஒருநாள் கம்ப்யூட்டர் ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மாட்டல் கம்பெனி தன் இன்டெலிவிஷனுக்கு விசைப்பலகை வரும், வரும் என்று வருஷக்கணக்காகச் சொல்லி, மத்திய வர்த்தக ஆணையம் தலையிடும் அளவுக்குப் போனது. கொலிகோ கம்பெனி ஆடம் என்று ஒரு கம்ப்யூட்டர் விட்டது. அதன் டேப் டிரைவில் டேப்பை வைத்துவிட்டு மின்சாரத்தைப் போட்டால், அந்த அதிர்வில் டேப்பில் இருந்தது அழிந்துபோகும்!

1982 ஆகஸ்ட்டில் கொமடோர் 64 வந்தது. 595 டாலர். சிப்பெல்லாம் சொந்தத் தொழிற்சாலையில் செய்ததால் அடக்கம் சுமார் 135 டாலர்தான். விலையைக் குறைக்க டிராமியலுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று பாருங்கள். அவர் குறைத்தார், குறைத்துக்கொண்டே போனார். 1983ல் 200 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அது போதாதென்று ஒரு சலுகை: பழைய கன்சோலோ வேறு கம்பெனிக் கம்ப்யூட்டரோ எதைக் கொடுத்தாலும் 100 டாலர் திருப்பித் தருவோம். கடைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? டைமெக்ஸ் சின்க்ளேர் 1000 என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் விலை அப்போது தரையில் கிடந்தது. கொமடோர் 64 வாங்குபவருக்கு அதை 10 டாலருக்கு வரை கொடுத்தார்கள். அதை அப்படியே கொமடோருக்கு அனுப்பினால் 100 டாலர். பிரிக்காத கம்ப்யூட்டரை வாங்கி, கழிவாக அனுப்பி லாபம் பார்த்த ஒரே காலம் அதுவாகத்தான் இருக்கும்.

டிராமியலின் குறி அட்டாரி மட்டும் இல்லை. கால்குலேட்டர் காலத்துப் பழைய எதிரி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், டிஐ-99/4ஏ என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் விற்றுக்கொண்டிருந்தது. 1981ல் 525 டாலருக்கு வந்த பெட்டி, கொமடோரோடு மல்லுக்கட்டியதில் 1983 நடுவில் 100 டாலருக்கு வந்து நின்றது. அடக்க விலைக்கும் கீழே. என் வாதத்துக்கு முக்கியமான இடம் இது. டெக்சாஸ் போட்டது அச்சு அசல் கன்சோல் கணக்கு: பெட்டியில் நஷ்டம், கேட்ரிட்ஜில் லாபம். அதற்காக 1983ல் வந்த பெட்டிகளில் வெளியாட்களின் கேட்ரிட்ஜ் சில ஓடாதபடி மாற்றமும் செய்தார்கள். அதாவது கம்ப்யூட்டர் என்று பெயர் எழுதிய பெட்டிக்குள் பூட்டு வைத்தார்கள். வெளியே அட்டாரி என்ற கன்சோலில் பூட்டே கிடையாது. கம்ப்யூட்டர் திறந்தது, கன்சோல் மூடியது என்று இன்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். 1983ல் நிலைமை தலைகீழ். பூட்டு டெக்சாஸைக் காப்பாற்றவில்லை. எழுதுகிறவர்களை விரட்டிவிட்டால் கேட்ரிட்ஜ் யார் வாங்குவது? அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே மூடினார்கள். டிராமியலுக்குப் பழைய கணக்கு தீர்ந்தது.

அட்டாரி அதற்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. 1982 டிசம்பர் 7 அன்று, விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று தாய்க் கம்பெனி வார்னர் சொன்னதும், மறுநாள் வார்னர் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. 1983ல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல். கேம் கம்பெனிகள் வரிசையாக மூட, கடைகளில் தேங்கிய 30, 40 டாலர் கேட்ரிட்ஜ்கள் கூடையில் கொட்டி 5 டாலருக்கு விற்கப்பட்டன. ஐந்து வாரத்தில் எழுதப்பட்ட இ.டி. கேமை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்த கதை எல்லாருக்கும் தெரியும். 2014ல் தோண்டியும் பார்த்துவிட்டார்கள். நான் அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. ஒரு மோசமான கேம் ஒரு தொழிலையே கொன்றுவிட்டது என்பது சொல்லச் சுகமான கதை, அவ்வளவே. அமெரிக்க வீட்டு வீடியோ கேம் சந்தை 300 கோடி டாலர் அளவிலிருந்து 1985ல் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது. குப்பைக் கேம்களின் குவியல் ஒரு காரணம். கன்சோல் விலைக்குக் கம்ப்யூட்டரே கிடைத்தது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது. ஏனென்றால் கேம் விளையாடுவது நிற்கவில்லை, அந்தப் பிள்ளைகள் கொமடோர் 64 முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். படிப்புக்கு என்று வாங்கிய பெட்டியில் பெரும்பாலும் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒன்றே கால் கோடிக்குக் குறையாமல் விற்ற பெட்டி அது.

ஆக முதல் சுற்றில் கம்ப்யூட்டர் ஜெயித்தது. "கன்சோல் செத்தது" என்று அப்போது எழுதினவர்களைக் குறை சொல்ல முடியாது.

நின்டெண்டோ இதையெல்லாம் கியோட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் 14,800 யென்னுக்கு வந்தது. பெயரின் விரிவு ஃபேமிலி கம்ப்யூட்டர். கன்சோலுக்கே கம்ப்யூட்டர் என்று பெயர்! அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும்போது முதலில் விசைப்பலகை, டேப் எல்லாம் வைத்து ஒரு வடிவத்தை 1985 தொடக்கத்தில் கண்காட்சியில் காட்டினார்கள். யாரும் மதிக்கவில்லை. பிறகு உத்தியை மாற்றி, வீடியோ கேம் என்ற சொல்லே வராமல் "என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்" என்று பெயர் வைத்து, விசிஆர் போல முன்பக்கம் கதவு வைத்து, கூடவே ஒரு குட்டி ரோபோவையும் சேர்த்து, அந்த அக்டோபரில் நியூயார்க் கடைகளில் வைத்தார்கள். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள் வேறு எதற்கும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ரோபோ சீக்கிரம் மறந்துபோனது. மறக்காதது உள்ளே இருந்த ஒரு குட்டிச் சிப். 10என்இஎஸ் என்று பெயர். பெட்டியில் ஒன்று, கேட்ரிட்ஜில் ஒன்று. இரண்டும் ஒரே தாளத்தில் பேசிக்கொண்டால்தான் கேம் ஓடும். தாளம் தப்பினால் பெட்டி நொடிக்கு ஒரு தடவை தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும். அந்தத் தாளம் தெரிந்தது நின்டெண்டோவுக்கு மட்டும். அதனால் கேம் எழுதுகிறவர் யாராக இருந்தாலும் நின்டெண்டோவிடம் உரிமம் வாங்க வேண்டும், கேட்ரிட்ஜை நின்டெண்டோவே செய்யும், காசு முன்னாலேயே கட்ட வேண்டும், வருஷத்துக்கு ஐந்து கேம்தான், அந்தக் கேமை இரண்டு வருஷம் வேறு எந்தப் பெட்டிக்கும் கொடுக்கக் கூடாது. கேம் விற்காமல் போனால் நஷ்டம் எழுதினவனுக்கு. நின்டெண்டோவுக்கு முதலிலேயே வந்துவிட்டது. கொனாமி, அல்ட்ரா என்ற பெயரில் இன்னொரு கம்பெனி தொடங்கித்தான் ஐந்து என்ற வரம்பைத் தாண்டியது.

தரத்துக்காகத்தான் பூட்டு என்றார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். நாய்த் தீவனக் கேமைப் பார்த்த பெற்றோருக்கு, அட்டைப்பெட்டியில் ஒட்டிய முத்திரை நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அதே சமயம் 1988ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது யாருக்கு எத்தனை கேட்ரிட்ஜ் என்று அளந்து கொடுத்ததும் அதே கைதான். அட்டாரி கேம்ஸ் என்ற கம்பெனி (பழைய அட்டாரியின் ஆர்கேட் பகுதி) பொறுக்க முடியாமல் பூட்டை உடைத்து, டெங்கன் என்ற பெயரில் கறுப்புக் கேட்ரிட்ஜ்களை விற்றது. உடைத்த விதம்தான் பிரச்சினை. வழக்குக்குத் தேவை என்று சொல்லி, காப்புரிமை அலுவலகத்திலிருந்தே பூட்டின் மூல நிரலை வாங்கியிருந்தார்கள். 1992ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

பூட்டு வேலை செய்ததா என்றால், செய்தது. 1990 வாக்கில் அமெரிக்க வீடுகளில் 30 சதவீதத்தில் நின்டெண்டோ இருந்தது. எல்லாக் கம்பெனிக் கம்ப்யூட்டர்களையும் சேர்த்தே 23 சதவீதம். அதே 6502 வம்சம், பதினைந்து வருஷம் பழசான சிப்.

பிரிட்டனில் கதை இப்படிப் போகவில்லை என்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1982ல் 125 பவுண்டுக்கு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (இதில் சிப் வேறு, இசட்80) சாதாரண ஆடியோ கேசட்டில் கேம் ஓட்டியது. கேசட்டுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மேத்யூ ஸ்மித் மேனிக் மைனர் எழுதியபோது வயது 17. பிபிசி மைக்ரோவில் 1984ல் எலைட் எழுதிய இருவரும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கேசட் நகல்களும் தாராளமாகக் கைமாறின. அது திறந்த கதவுக்கான விலை. அமெரிக்காவில் கன்சோல் சந்தை சரிந்தது இவர்களுக்கு உறைக்கவே இல்லை.

நம்ம ஊருக்கும் இதில் நேரடியான ஒரு தொடர்பு இருக்கிறது, அதைக் கண்டபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜப்பான் ஃபேமிகாமில் அந்தப் பூட்டுச் சிப் கிடையாது. 1983ல் வந்தது அல்லவா, அமெரிக்கப் பாடம் முழுசாக வருவதற்கு முன்னால். பூட்டில்லாத அந்த 60 பின் வடிவத்தைத்தான் தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்தார்கள். கடைசியில் மொத்த ஃபேமிகாமையும் ஒரே சிப்பில் அடக்கினார்கள். 90களில் தமிழ்நாட்டுக் கடைகளில் "டிவி கேம்" என்று விற்றது அதுதான். கேட்ரிட்ஜை நாங்கள் கேசட் என்போம். 9999 இன் 1 என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே பத்து இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். மரியோவும் காண்ட்ராவும் நமக்கு அறிமுகமானது, நின்டெண்டோ அமெரிக்காவுக்காகச் செய்த பூட்டு ஜப்பான் பெட்டியில் இல்லாததால்!

எங்கள் சித்தப்பா வீட்டில் இருந்தது விசைப்பலகை வைத்த ரகம். பார்க்க கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும், பேசிக் மொழி கேசட் ஒன்று கூட வந்தது. "பையன் கம்ப்யூட்டர் கத்துக்கட்டும்" என்றுதான் சித்திக்குச் சொல்லி வாங்கினார். வில்லியம் ஷாட்னர் சொன்ன அதே வசனம், பதினைந்து வருஷம் கழித்து, அதே குடும்பத்துச் சிப்புக்கு. பேசிக் கேசட்டை நான் ஒரே ஒரு தடவை போட்டேன். அதில் ஒரு வட்டம்கூட வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க காண்ட்ராதான்.

கம்ப்யூட்டரா பொம்மையா என்பது பெட்டியைப் பொறுத்தது இல்லை, யாரிடம் எதைச் சொன்னால் காசு மிச்சம் என்பதைப் பொறுத்தது என்பதற்கு இன்னும் நேரடியான சாட்சி சோனி. 2000ல் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது கூட வந்த டெமோ டிஸ்க்கில் ஒரு பேசிக் மொழி இருந்தது. குழந்தைகள் மேல் உள்ள அக்கறை என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பியச் சுங்கத்தில் வீடியோ கேம் பெட்டிக்கு ஒரு வரி, கம்ப்யூட்டருக்கு வேறு. இது கம்ப்யூட்டர்தான் என்று வாதாட ஒரு ஆதாரம் வேண்டியிருந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் இழுத்தது.

அடுத்த பெட்டியில் இது எதிர்ப்பக்கம் திரும்பியது. பிளேஸ்டேஷன் 3ல் லினக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி இருந்தது. நஷ்டத்துக்கு விற்ற பெட்டி அது. பெட்டியில் போனதைக் கேமில் எடுப்பது கணக்கு. அமெரிக்க விமானப்படை 1,760 பெட்டிகளை வாங்கி ஒன்றாகக் கோத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. ஒரு கேம் டிஸ்க்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். 2010 ஏப்ரலில் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, மென்பொருள் புதுப்பிப்பு வழியாக அந்த லினக்ஸ் வசதியை சோனி எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்திருந்த பெட்டியிலிருந்து!

2013ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுமே ஏஎம்டி செய்த சாதாரண எக்ஸ்86 வகைச் சிப், நம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரின் அதே வம்சம். 1977ல் ஆப்பிளும் அட்டாரியும் இருந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். 2021ல் எபிக், ஆப்பிள் வழக்கில் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டியை நாங்கள் எப்போதுமே லாபத்துக்கு விற்றதில்லை என்றார். கன்சோல் சல்லிசு என்று வாதிடும் நண்பர்கள் அந்தச் சல்லிசின் மீதியை யார் கட்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்ப்யூட்டர்காரர்களும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். ஸ்டீம் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம் கடைக்குப் போகிறது. பூட்டுச் சிப் இல்லைதான், ஆனால் எல்லாரும் அந்த ஒரே வாசலில்தான் நிற்கிறார்கள்.

டிராமியலின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். விலை யுத்தத்தில் ஜெயித்த கையோடு, 1984 ஜனவரியில் பங்குதாரரோடு சண்டை போட்டு கொமடோரை விட்டே வெளியேறினார். ஆறு மாதத்தில் எங்கே போனார் தெரியுமா? தான் அடித்து வீழ்த்திய அட்டாரியின் வீட்டுப் பொருள் பிரிவையே வார்னரிடமிருந்து வாங்கிக்கொண்டார். எஸ்டி என்ற கம்ப்யூட்டரைச் செய்தார். பிறகு நின்டெண்டோவின் அந்த இரண்டு வருஷ நிபந்தனை போட்டியை நசுக்குகிறது என்று வழக்குப் போட்டு, 1992ல் தோற்றார். 1993ல் அவர் கம்பெனி, வெறும் கேம் மட்டும் ஓடும் பெட்டி ஒன்றைச் செய்தது. பெயர் ஜாகுவார். அதன் கேட்ரிட்ஜ்களுக்கு இவர்களும் ஒரு பூட்டு வைத்தார்கள். பெட்டி விற்கவில்லை. 1996ல் அட்டாரி வேறொரு கம்பெனிக்குள் கரைந்தது. 1999ல் உரிமை கையில் இருந்த ஹாஸ்ப்ரோ, ஜாகுவாருக்கு யார் வேண்டுமானாலும் கேம் எழுதலாம், எங்கள் அனுமதி வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. உறை வார்க்கும் அச்சு மட்டும் வீணாகவில்லை. ஒரு பல் மருத்துவக் கருவிக் கம்பெனி அதை வாங்கி, பல்லைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு உறையாக்கியது.